படம் வருது அக்கா, சத்தந்தான் வரல்ல

ஏப்ரல் லீவுக்கு முந்தின சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். தங்கச்சி கெட்டம்பே போர்டிங்கிலிருந்து வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். முதுகுக்குப் பின்னால் மேசையில் ஒரு மொனிட்டர், 22 அங்குலம், செக்கன்ஹேண்ட்.

"உள்ளுக்கே ஸ்பீக்கர் இருக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன் அக்கா. படம் வருது, சத்தந்தான் வரல்ல. லெப்டொப்பிலதான் இன்னும் கத்துது. ஏமாத்திட்டாங்க போல."

"என்ன வயர் போட்டிருக்க?"

"கறுப்பு வயர்."

ஒரு பாடசாலையின் கொம்பியூட்டர் அறையைப் பத்து வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். இந்தக் கேள்விக்குச் சின்னவர், பெரியவர், சேர் மார், மிஸ் மார் எல்லாரும் சொல்கிற பதில் இதுதான். எல்லா வயரும் கறுப்புத்தான் புள்ள. நுனியைப் பார்த்துச் சொல் என்றேன். எழும்பிப் போய்க் குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அவளை மாதிரி போர்டிங்கில் தனியாக மொனிட்டரோடு மல்லுக்கட்டுகிற தம்பி தங்கச்சிமாருக்கு உதவும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சத்தம் என்பது கொம்பியூட்டரில் புறப்பட்டு உன் காதுக்கு வருகிற ஒரு பயணி. அது ஏறுகிற வண்டி சரியா, எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருக்கிறாயா, இறங்குகிற இடத்தில் கதவு திறந்திருக்கிறதா? இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். கண்டபடி எல்லா பட்டனையும் அமுக்கினால் நல்லாக இருந்ததும் கெட்டுப்போகும்.

ஆனால் பயணத்துக்கு முன்னால் ஊர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது, மொனிட்டருக்குள் உண்மையிலேயே ஸ்பீக்கர் இருக்கிறதா?

இதில் நான் பட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் கண்டி டவுனில் திருகோணமலை வீதி, யட்டிநுவர வீதி என்று ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையில் பாவித்த மொனிட்டர் ஒன்றை வாங்கினேன். "ஸ்பீக்கர் இருக்கா?" என்று கேட்டேன். கடைத் தம்பி மெனுவைத் திறந்து, "இந்தா, வொலியூம் இருக்கே அக்கா" என்று காட்டினார். எனக்கும் அது போதுமாக இருந்தது. கம்பளை பஸ்ஸில் சனத்துக்கு நடுவில் அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கெலிஓயா வந்து சேர்ந்து, இரவு பத்து மணி வரை சத்தத்தைத் தேடினேன். கடைசியில் பின்பக்கத்தைத் திருப்பி டோர்ச் அடித்துப் பார்த்தால், ஹெட்போன் குத்துகிற ஓட்டை ஒன்று இருந்தது. அவ்வளவுதான். மெனுவில் இருந்த வொலியூம் அந்த ஓட்டைக்கு உரியது. ஸ்பீக்கர் என்ற சாமானே அதற்குள் இல்லை. கடைக்காரர் பொய் சொன்னாரென்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: மெனுவில் வொலியூம் இருப்பதோ, ஹெட்போன் ஓட்டை இருப்பதோ சாட்சி இல்லை. கொம்பியூட்டரில் மொனிட்டரின் பெயர் சத்தப் பட்டியலில் வருவதுகூடச் சாட்சி இல்லை. ஹெட்போன் ஓட்டை மட்டும் உள்ள மொனிட்டரின் பெயரும் அங்கே வரலாம். அடிப்பக்க விளிம்பிலோ பின்பக்கத்திலோ சல்லடை மாதிரிச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கிறதா என்று பார். அவையும் சூடு வெளியேறுகிற துளைகளாக இருக்கலாம், அதனால் பின்னால் ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை ஃபோனில் தேடி, விவரத்தில் "2 வொட் இரண்டு" என்பது போல ஸ்பீக்கர் கணக்குப் போட்டிருக்கிறதா என்று வாசி. எல்லாவற்றையும்விடச் சுலபம், லெப்டொப்பைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுக் கேட்பது. அங்கே சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதே ஸ்டிக்கரில் இன்னொரு வரி இருக்கும், 100–240 வோல்ட் என்று. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். 100 என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு நாட்டு வீட்டுக்குச் செய்தது, நம் சுவரில் குத்தினால் புகைதான் வரும்.

இனி வண்டி. பழைய மொனிட்டர்களில் இரண்டு பக்கமும் திருகாணி வைத்து, நீல நிற நுனியோடு வருமே, அது வி.ஜி.ஏ. 1987இல் ஐ.பி.எம். கம்பனி கொண்டுவந்தது. பாடசாலைகளில் இன்னும் அதுதான் ஆட்சி செய்கிறது. அந்த நுனியில் 15 ஊசிகள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தின் நிறங்களுக்குச் சில, படத்தை நேர்கோட்டில் நிறுத்தச் சில. சத்தத்துக்கு என்று ஒரு ஊசிகூட இல்லை. ஆகவே வி.ஜி.ஏ. போட்டுக்கொண்டு சத்தம் வரவில்லை என்று அழுவது, சரக்கு லொறியை மறித்து டிக்கட் கேட்பது மாதிரி. அதற்கு அடுத்து வந்த, வெள்ளை நுனி டி.வி.ஐ.யும் படத்துக்காகச் செய்ததுதான். சில கார்ட்டுகள் அதன் வழியாகச் சத்தத்தையும் தள்ளிவிடும், நம்பி இறங்காதே.

எச்.டி.எம்.ஐ. வேறு சாதி. 2002 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு வந்தது. நுனி தட்டையாக, கீழ் மூலை இரண்டும் சரிந்து இருக்கும். உள்ளே 19 ஊசிகள். இவ்வளவு ஊசி இருக்கிறதே, அதில் ஒன்றிரண்டு சத்தத்துக்காக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். படத்தைத் திரையில் வரி வரியாக வரையும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் சத்தத்தைத் திணித்து, படம் போகிற கம்பியிலேயே அனுப்புகிறார்கள். ரோசா பஸ்ஸில் நடுவழியில் மடக்குச் சீட்டைப் போட்டு ஆள் ஏற்றுகிறார்களே, அதே புத்தி. இதனால் உனக்கு ஒரு லாபம் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் ஒழுங்காக வருகிறதென்றால், கேபிளில் கோளாறென்று சந்தேகப்படத் தேவையே இல்லை. காசைக் கொண்டுபோய் இன்னொரு கேபிளுக்குக் கொட்டாதே.

டிஸ்ப்ளே போர்ட் என்று ஒன்று, ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி இருக்கும். அதுவும் சத்தம் கொண்டுபோகும். யூ.எஸ்.பி. சி வழியாகவும் போகும், ஆனால் எல்லா லெப்டொப்பிலும் அந்த ஓட்டை படம் தராது. ஓட்டைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, டியும் பியும் பின்னிக்கொண்ட மாதிரி ஒரு குறியோ இருந்தால் நம்பிக்கையோடு குத்தலாம். ஃபோன் சார்ஜரோடு வந்த கேபிளைக் கொண்டுவந்து குத்திவிட்டு ஒன்றும் வரவில்லை என்று சொல்லாதே. அவற்றில் முக்கால்வாசி சார்ஜ் ஏற்றத்தான் லாயக்கு.

அடப்டர்களில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுகிற கட்டை ஒருவழிப் பாதை. புது லெப்டொப்பில் இருந்து பழைய மொனிட்டருக்குத்தான் போகும், திருப்பிப் போட்டால் ஒன்றும் நடக்காது. வாங்கும்போது அந்தக் கட்டையின் பக்கவாட்டில் ஹெட்போன் குத்துகிற சின்ன ஓட்டை இருக்கிறதைப் பார்த்து வாங்கு. வி.ஜி.ஏ. சத்தத்தை ஏற்றிக்கொள்ளாது என்பதால், சத்தம் இறங்கிக்கொள்ள வைத்த வாசல் அது. ஓட்டை இல்லாததை வாங்கினால் சத்தம் அங்கேயே செத்துப்போகும்.

சரி, வி.ஜி.ஏ. மொனிட்டரில் ஸ்பீக்கர் இருந்தால் என்ன செய்வது? அதற்கு இரண்டாவது வயர் வேண்டும். இரண்டு பக்கமும் ஹெட்போன் நுனி மாதிரி ஆண் நுனி உள்ள கேபிள், 3.5 மில்லிமீட்டர் ஓடியோ கேபிள் என்று கேள், தருவார்கள். டெஸ்க்டொப்பின் பின்னால் மூன்று வட்ட ஓட்டை இருக்கும், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலம் சத்தம் உள்ளே வர. வெளியே போகிற வாசல் பச்சை. பச்சையில் ஒரு நுனி, மொனிட்டரின் பின்னால் "ஓடியோ இன்" என்று எழுதியிருக்கிற ஓட்டையில் மறு நுனி. ஹெட்போன் படம் போட்ட ஓட்டையில் குத்தாதே. அதுவும் வெளியே போகிற வாசல்தான். இரண்டு வாசலிலும் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தால் உள்ளே யார் போவது?

இந்த வயரைப் போட்டதும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கேட்கும் சிலருக்கு. குளவி கூடு கட்டின மாதிரி. மொனிட்டர் ஒரு சுவர்ப் பிளக்கிலும், கொம்பியூட்டர் அறையின் மறு மூலையில் இன்னொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டின் ஏர்த்தும் ஓடியோ வயர் வழியாக ஒன்றுக்கொன்று இழுபறிப்படும். அந்த இழுபறியின் சத்தம் அது. இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் குத்து. எங்கள் பாடசாலை அறையில் ஒரு வருஷம் முழுக்க ஓடின இரைச்சல் இப்படித்தான் ஐந்து நிமிஷத்தில் நின்றது.

டெஸ்க்டொப்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கலாம், மேலே யூ.எஸ்.பி. கூட்டத்துக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒன்று, கீழே படுக்கை வாக்கில் ஒன்று. கீழே இருப்பது தனியாகப் போட்ட கிராபிக்ஸ் கார்ட். அது இருந்தால் அதில்தான் குத்த வேண்டும்.

தங்கச்சிக்கு வருகிறேன். குனிந்து பார்த்தவள், "தட்டையா இருக்கு அக்கா, மூலை சரிஞ்சிருக்கு" என்றாள். எச்.டி.எம்.ஐ. அப்படியென்றால் வண்டி சரி. போக வேண்டிய ஊரைத்தான் சொல்லவில்லை.

பெரும்பாலும் கோளாறு இங்கேதான். லெப்டொப்புக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் இருக்கிறது. நீ மொனிட்டரைக் குத்தினதும் படத்தைக் கேட்காமலே அனுப்பிவிடும், சத்தத்தைச் சில வேளை தன்னிடமே வைத்துக்கொள்ளும். நீதான் சொல்ல வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். விண்டோஸ் 10 என்றால் அதை ஒரு தடவை அமுக்கு, வொலியூம் கோட்டுக்கு மேலே ஒரு பெயரும் பக்கத்தில் மேல்நோக்கிய சின்ன அம்பும் இருக்கும். அம்பை அமுக்கினால் பட்டியல் விரியும். விண்டோஸ் 11 என்றால் வொலியூம் கோட்டின் வலது நுனியில் இருக்கிற குறியை அமுக்கு. பட்டியலில் "ஸ்பீக்கர்ஸ், ரியல்டெக்" என்று இருப்பது உன் லெப்டொப். இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. என்ற பெயரோடு சேர்த்து மொனிட்டரின் மாடல் நம்பர் போட்டிருப்பதுதான் உனக்கு வேண்டியது. அதை அமுக்கு.

அமுக்கினாள். சத்தம் வரவில்லை.

"மொனிட்டருக்குக் கீழ பட்டன் இருக்கும், மெனுவை எடு" என்றேன். எடுத்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. நம் ஊருக்கு வருகிற பாவித்த மொனிட்டர்கள் எந்தெந்த ஒபிசில் இருந்து கழற்றி, கப்பலேறி வந்ததோ, யாருக்குத் தெரியும். பயப்படத் தேவையில்லை. பந்து மாதிரி உலக உருண்டை படமோ, கொடியோ இருக்கிற இடம் மொழி மாற்றுகிற இடம். அதற்குள் போனால் இங்கிலீஷ் என்பது இங்கிலீஷ் எழுத்திலேயே இருக்கும். மாற்றினாள். பிறகு ஓடியோ என்ற பக்கத்துக்குப் போகச் சொன்னேன். வொலியூம் பூச்சியம். முன்னாள் முதலாளி சத்தம் விரும்பாத ஆள் போல.

இந்த ஓடியோ பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும் சில மொனிட்டர்களில், சத்தம் எந்த வாசலால் வருகிறது என்று கேட்கிற ஒரு வரி. எச்.டி.எம்.ஐ. போட்டிருக்கும்போது அது "ஓடியோ இன்" என்று நின்றால், வயரே குத்தாத ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மியூட் என்பதையும் பார். வொலியூமை 70 அளவில் ஒரே தடவை வைத்துவிட்டு மெனுவை மூடு. அதற்குப் பிறகு கூட்டுவதும் குறைப்பதும் கீபோர்டில். இரண்டு இடத்திலும் மாறி மாறிக் கூட்டிக் குறைத்தால் எது எங்கே நிற்கிறது என்று தலை சுற்றும். நூறுக்கு ஏற்றாதே, அந்தச் சின்ன ஸ்பீக்கர் கிழிந்து கிழிந்து பேசும்.

பூச்சியத்தை எழுபதாக்கினாள். யூடியூப்பில் எதையோ ஓடவிட்டிருந்தாள் போல, அறை அதிர்ந்தது. அவள் பயந்துபோய்ப் பின்னுக்கு நகர, ஃபோன் மேசையில் குப்புற விழுந்து எனக்குக் கொஞ்ச நேரம் இருட்டு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்கார நோனா ஏதோ கேட்கிற சத்தம் மட்டும் வந்தது.

உன் பட்டியலில் மொனிட்டரின் பெயரே வராவிட்டால்? விண்டோஸ் கட்டையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு, சின்னப் பெட்டி வரும். அதில் எம், எம், எஸ், வை, எஸ், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டு. சத்தக் கருவிகள் எல்லாம் ஒரு பெட்டியில் வரும். வெறும் இடத்தில் வலது பட்டனை அமுக்கி, முடக்கி வைத்த கருவிகளைக் காட்டு என்கிற வரிக்கு டிக் போடு. மங்கலாக மொனிட்டர் பெயர் வந்தால் அதன் மேல் வலது பட்டனை அமுக்கி இயக்கிவிடு. அப்படியும் வராவிட்டால் கிராபிக்ஸ் ட்ரைவரைத் திரும்பப் போட வேண்டும். சத்தம்தானே என்று சவுண்ட் ட்ரைவரைத் தேடிக்கொண்டு நாளைக் கழிக்காதே, எச்.டி.எம்.ஐ. சத்தம் கிராபிக்ஸ் ட்ரைவரோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. இது தெரியாமல் நானே இரண்டு நாள் திரிந்திருக்கிறேன்.

மொனிட்டர் தூங்கப் போனால் அதன் பெயரும் பட்டியலில் இருந்து காணாமல் போகலாம், சத்தம் திரும்ப லெப்டொப்புக்கு ஓடிவிடும். பாட்டைப் போட்டுவிட்டுச் சமைக்கப் போகிறவர்களுக்கு நடுவில் பாட்டு இடம் மாறுவது இதனால்தான். பேய் இல்லை.

சூம் வகுப்புக்காரர்களுக்குத் தனிக் கதை. விண்டோஸ் என்ன சொன்னாலும் சூம் தனக்கென்று ஒரு ஸ்பீக்கரைப் பிடித்து வைத்திருக்கும். மைக் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அம்பைத் திறந்து அங்கேயும் மொனிட்டரைத் தெரிவு செய். மைக்கை லெப்டொப்பிலேயே விடு, ஸ்பீக்கர் இருக்கிற மொனிட்டரில் மைக்கும் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினபோது எங்கள் பிள்ளைகளுக்கு ஃபோனில் இதையெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லித்தான் நான் பழகினேன். ஒரு பிள்ளை அப்பாவின் ஃபோனில், ஒரு பிள்ளை பக்கத்து வீட்டு லெப்டொப்பில், இன்னொன்று சிக்னலுக்காகத் தேயிலை மலை உச்சியில்.

இப்போது இந்த ஸ்பீக்கரின் தராதரம். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், பெரிதாக எதிர்பார்க்காதே. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 வொட், பெரிய தீப்பெட்டி அளவு. எங்கள் அப்பா எந்த ஸ்பீக்கரையும் பழைய மரப்பெட்டி ரேடியோவோடுதான் ஒப்பிடுவார். 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கிய கதையில் ஆரம்பித்து, அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல் அந்தப் பெட்டியில் எப்படிக் கேட்டது என்பது வரை ஒரு சுற்று வந்துதான் நிற்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ரேடியோவுக்குள் சாப்பாட்டுக் கோப்பை அளவு ஸ்பீக்கரும், அது மூச்சுவிட ஒரு பெட்டி நிறையக் காற்றும் இருந்தது. மொனிட்டருக்குள் விரல் போகவும் இடமில்லை.

போன எசல பெரஹரவை டிவியில் காட்டினதை அப்பாவுக்கு என் மொனிட்டரில் போட்டுக் கொடுத்தேன் (இது பிறகு வாங்கிய, உண்மையிலேயே ஸ்பீக்கர் உள்ள மொனிட்டர்). ஒரணைக் குழலின் கீச்சுக் குரல் தெளிவாக வந்தது. சாட்டை அடிக்கிற "சடீர்" வந்தது. தவுல் அடிக்கிறவர்களின் கை ஏறி இறங்குவது தெரிகிறது, அடி கேட்கவில்லை. தலதா வீதியோரம் நின்று பார்த்தால் நெஞ்சுக்குள் வந்து விழுமே ஒரு அடி, அது இல்லை. "மேளக்காரனுக்குச் சாப்பாடு போடல்லையா?" என்று கேட்டார் அப்பா. தாழ்ந்த சத்தத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு இந்தத் தீப்பெட்டிக்குத் தெம்பு இல்லை. மனுஷக் குரலுக்கு அது தேவையில்லை, ஆகவே பாடம், செய்தி, அம்மாவோடு வீடியோ கோல், இவற்றுக்கெல்லாம் தாராளமாகப் போதும். பாட்டுக் கேட்கிற ஆள் என்றால் தனி ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கிக்கொள். ஸ்பீக்கருக்காக மொனிட்டரைத் தெரிவு செய்யாதே, திரை நல்லதா என்று பார்த்து வாங்கு. ஸ்பீக்கர் கூட வந்தால் கொசுறு.

கொசுறிலும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது. ஸ்பீக்கர் துளை பின்பக்கமாக இருந்தால் மொனிட்டரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம்தான் உனக்குக் கேட்கிறது. ஜன்னல் சீலைக்கு முன்னால் வைத்தால் சீலை அதைக் குடித்துவிடும். அடிப்பக்கமாக இருந்தால் கீழே மேசை விரிப்பு, புத்தகக் கட்டு ஒன்றும் வைக்காதே, வெறும் பலகையாக விடு. நம் பக்கத்துச் சுவர்கள் மழை மாதங்களில் ஈரம் கசிந்து பூஞ்சணம் பிடிக்கிற சுவர்கள், தள்ளி வைப்பது அதற்கும் நல்லது. தகரக் கூரையில் மழை பிடித்தால் எந்தத் தந்திரமும் எடுபடாது, ஹெட்போனைத் தேடு. மொனிட்டரின் ஹெட்போன் ஓட்டை அப்போதுதான் உதவும்.

டிவி பெட்டியை மொனிட்டரில் போடலாமா என்று போர்டிங் பிள்ளைகள் கேட்பார்கள். பெட்டியில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் போடலாம், சத்தமும் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மட்டும் வருகிற பழைய பெட்டி என்றால் நேரே போகாது, நடுவில் கரண்டில் ஓடுகிற மாற்றுக் கட்டை ஒன்று வேண்டும்.

கரண்ட் என்றதும் எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரில் 13 அம்பியர் சதுர ஓட்டை, கையில் இரண்டு பின் உருண்டை பிளக். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பேனையை எடுத்து மேல் ஓட்டைக்குள் விட்டு அழுத்திக்கொண்டு, கீழே இரண்டு ஓட்டையும் திறந்ததும் பின்னைத் திணிப்பார்கள். தங்கச்சியின் மேசையில் மூடி இல்லாத ஒரு பேனை கிடந்தது, எதற்கென்று நான் கேட்கவே தேவையில்லை. அந்த மேல் ஓட்டை ஏர்த். அதைப் பேனைக்குக் கொடுத்துவிட்டால், கேபிள் குத்தும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுர் வரும். அந்தச் சுர்தான் எச்.டி.எம்.ஐ. ஓட்டையைத் தின்கிறது. மொனிட்டருக்கு மூன்று பின் உள்ள 13 அம்பியர் பிளக்கோடு வருகிற பவர் கோட் ஒன்று வாங்கு. கேபிளைக் குத்துகிறபோதும் கழற்றுகிறபோதும் இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கட்டும். மொனிட்டர் திடீரென்று செத்துப்போனால் ரிப்பெயர் கடைக்கு ஓடும் முன் அந்தப் பிளக்கைத் திறந்து பார், உள்ளே ஒரு பியூஸ் இருக்கும். அது மட்டும் போயிருக்கலாம்.

கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுக்க அணைந்தது. உடவத்தகெலே காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என் சிநேகிதி அன்றிலிருந்து தன் வீட்டுக் கூரையில் ஓடுகிற குரங்குகளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறாள். போவதைவிட வருகிற நேரம்தான் ஆபத்து, தள்ளாடித் தள்ளாடி வரும். கரண்ட் போனால் சுவர் சுவிட்சை நிறுத்து. வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடு.

எல்லாவற்றிலும் பெரிய எமன் மின்னல். மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் ஹந்தானைப் பக்கம் கறுக்கும், அரை மணித்தியாலத்தில் இடி. சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதே. பிளக்கையே இழுத்துவிட வேண்டும். அதோடு எச்.டி.எம்.ஐ.யையும் கழற்றி வைக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். டிஷ் வயரிலோ டெலிபோன் வயரிலோ இறங்குகிற மின்னல் பெட்டிக்குள் புகுந்து எச்.டி.எம்.ஐ. வழியாக நடந்து வந்து மொனிட்டரை முடிக்கும். பிளக் கழற்றித்தானே வைத்திருந்தேன் என்று பிறகு அழுது பிரயோசனம் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாலு மணி ஆகிவிட்டது. தங்கச்சி வீட்டுக்கார நோனாவைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து, சத்தத்தைக் குறைத்து, அப்பாவுக்கு ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்ட ஃபோனை மொனிட்டருக்குப் பக்கத்தில் பிடித்தாள். அப்பா காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். நான் ஏர்த்தைப் பற்றித் திரும்பவும் ஆரம்பித்தேன்.

"அக்கா, இரு. பேராதனைப் பக்கம் மின்னுது."

லைன் கட்டானது. எங்கள் கெலிஓயாவிலும் இருட்டிக்கொண்டு வந்தது, நான் போய் என்னுடையதைக் கழற்றினேன். ஐந்தரைக்கு மழை விட்டபோது ஃபோனில் ஒரு படம் வந்திருந்தது. மேசையில் சுருட்டி வைத்த இரண்டு கறுப்பு வயர். பக்கத்தில் அந்தப் பேனை, மூடி போட்டு.